சூரியத் தளவிளைவு நிறமாலையைத் திறந்து பார்க்க எது உதவும்: கிறிஸ்பெக்ஸ், பைதான், மற்ற கருவிகள்

சூரியப்புள்ளியின் காந்தப்புலம் என்று சிவப்பும் நீலமுமாக வரும் வரைபடங்களைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது வேலை முடிந்த பிறகு கிடைப்பது. தொலைநோக்கியிலிருந்து முதலில் வருவது படமே இல்லை. தளவிளைவு என்பது ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் நான்கு வளைகோடுகள் இருக்கின்றன: மொத்த ஒளிக்கு ஐ, நேர்கோட்டுத் தளவிளைவுக்கு க்யூவும் யூவும், வட்டத் தளவிளைவுக்கு வி. ஸ்டோக்ஸ் அளவுகள் என்று சொல்வது இந்த நான்கைத்தான். ஜப்பானின் ஹினோடே விண்கலம் (2006 செப்டம்பரில் ஏவப்பட்டது) எடுத்த ஒரு வருடலில் (ஒளியை உள்ளே விடும் குறுகிய பிளவைச் சூரியன்மேல் படிப்படியாக நகர்த்தி எடுப்பது), பிளவின் நீளத்தில் 512 பிக்சல், பிளவு நகர்ந்த நிலைகள் 1000 என்று வைத்துக்கொண்டால் 5,12,000 பிக்சல். நான்கால் பெருக்கினால் இருபது லட்சத்துக்கு மேல் வளைகோடுகள். ஒவ்வொன்றிலும் 112 அலைநீளப் புள்ளிகள்.

இதைப் பார்ப்பதற்கென்று இருக்கும் மென்பொருள்களை இங்கே ஒரே ஒரு அளவுகோலால் எடைபோடுகிறோம். படத்தில் ஒரு இடத்தைச் சொடுக்கினால், அந்தப் பிக்சலின் நான்கு கோடுகளும் உடனே, ஒப்பிடக்கூடிய அளவுகோலில் கண்முன் வந்து நிற்கின்றனவா? மற்ற வசதியெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. சூரியப்புள்ளியின் இருண்ட நடுப்பகுதியான கருநிழலில் இருக்கும் பிக்சலும் அதற்குப் பத்துப் பிக்சல் தள்ளி, அதைச் சூழ்ந்த புறநிழலில் இருப்பதும் வேறு வேறு உலகம். மேய்ந்து பார்க்க விடாத மென்பொருள் எவ்வளவு அழகாக வரைந்தாலும் பயனில்லை.

சோதிக்க எடுத்துக்கொண்ட தரவு ஹினோடேயின் எஸ்.பி. என்ற தளவிளைவு நிறமாலைக் கருவியுடையது. இரும்பின் இரண்டு உட்கவர் வரிகள் (ஒளி உறிஞ்சப்பட்டு இருண்டு தெரிபவை), 6301.5, 6302.5 ஆங்ஸ்ட்ராம். அலைநீள அச்சில் ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 21.5 மில்லி ஆங்ஸ்ட்ராம். டாப்ளர் விளைவின்படி வேகக் கணக்குக்கு மாற்றினால் ஏறத்தாழ வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை திரையைப் பார்த்தே முடிந்துவிடும். இயல்பு வருடலில் ஒரு நிலைக்கு 4.8 வினாடி, அதாவது 1000 நிலைக்கு 80 நிமிடம். திரையில் இடது ஓரத்தில் தெரிவதும் வலது ஓரத்தில் தெரிவதும் ஒரே நேரத்துச் சூரியன் இல்லை என்பதை எந்த மென்பொருளும் தானாகச் சொல்லாது.

கோப்பைத் திறக்கும்போதே வரும் சிக்கல்கள்

முதல் நிலைத் தரவு (செப்பனிட்டு வெளியிடப்படுவது) ஒவ்வொரு பிளவு நிலைக்கும் ஒரு ஃபிட்ஸ் கோப்பாக, அதாவது வானியலின் பொதுக் கோப்பு வடிவத்தில், வருகிறது. ஒன்று சுமார் 459 கிலோபைட், ஆயிரம் கோப்பு சேர்ந்தால் 459 மெகாபைட். கணக்குப் போடுவதற்காக 32 பிட் தசம எண்ணாக மாற்றினால் இரண்டு மடங்கு. யோசிக்காமல் 64 பிட்டாக மாற்றினால் நான்கு மடங்கு, 1.8 ஜிகாபைட். எட்டு ஜிகாபைட் மடிக்கணினியில் இதற்கு இரண்டு நகல் எடுத்தாலே மூச்சு வாங்கும்.

பைதானில் கோப்புப் பட்டியல் எடுக்கும் க்ளாப் கட்டளை வரிசையாகத் தரும் என்று உறுதியில்லை. கோப்பின் பெயரிலேயே நேரம் இருப்பதால் பெயர்வாரியாக அடுக்கினால் போதும். அடுக்காமல் விட்டால் சூரியப்புள்ளி கீற்றுக் கீற்றாகக் கிழிந்து தெரியும். அது கண்ணில் பட்டுவிடும் பிழை என்பதால் ஆபத்தில்லை. நடுவில் ஒரு நிலைக் கோப்பே இல்லாமல் போயிருந்தால்தான் வம்பு. படம் ஒழுங்காகத்தான் தெரியும், ஒரு பிக்சல் இடம் மாறியிருக்கும். கோப்புத் தலைப்பில் பிளவு நிலையின் எண் இருக்கிறது. அதைப் பார்த்து அந்த எண்ணுக்குரிய இடத்தில் வைப்பதே சரி, எண்ணிக்கையை நம்பி வரிசையாகத் திணிப்பது சரியில்லை.

எல்லாரும் ஒருமுறையாவது விழும் குழி ஐ அளவில் இருக்கிறது. தரவு 16 பிட் குறியுள்ள முழு எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதில் அடங்கும் அதிகபட்ச மதிப்பு 32,767. அமைதியான சூரியப் பரப்பின் தொடர்ச்சிப் பகுதி (வரிகளுக்கு வெளியே உள்ள பிரகாசமான பகுதி) அதைத் தாண்டிவிட்டால் எண் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடும். 40,000 ஆக இருக்கவேண்டியது −25,536 என்று தெரியும். ஆனால் வரியின் நடுப்பகுதி மங்கலானது, 20,000 அளவில் இருக்கும், அது அப்படியே நிற்கும். விளைவு: திரையில் உட்கவர் வரிக்குப் பதில் வானளாவ எழும் இரண்டு உமிழ்வு வரிகள். சூரியச் சீற்றத்தைப் பிடித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாம். ஐ அளவில் எதிர்க்குறி உள்ள எல்லா இடத்திலும் 65,536 கூட்டினால் சரியாகிவிடும். முதலில் 32 பிட்டாக மாற்றிவிட்டுக் கூட்ட வேண்டும், 16 பிட்டிலேயே கூட்டினால் மறுபடியும் சுற்றிக்கொள்ளும். க்யூ, யூ, வி மூன்றுக்கும் இதைச் செய்யக் கூடாது. அவற்றில் எதிர்க்குறி உண்மையான செய்தி.

இதோடு ஒட்டிய இன்னொன்று, பிட் நகர்த்தல். விண்கலத்திலேயே சில அளவுகளைப் பாதியாக்கிச் சேமித்திருப்பார்கள். எவற்றை என்பது தலைப்பில் எஸ்பிபிஎஸ்எச்எஃப்டி என்ற சொல்லுக்கு எதிரே எண்ணாக இருக்கும். அதைப் பார்க்காமல் வி-யை ஐ-யால் வகுத்தால் காந்தப்புலம் இரு மடங்காகவோ பாதியாகவோ வரும், படத்தில் எந்தக் குறையும் தெரியாது. இந்த இரண்டையும் கவனித்துவிட்டுத்தான் எந்த மென்பொருளையும் குறை சொல்ல வேண்டும்.

கிறிஸ்பெக்ஸ்

சொடுக்கினால் நான்கு கோடும் வரவேண்டும் என்ற அளவுகோலில் முதல் இடம் கிறிஸ்பெக்ஸுக்குத்தான். லா பால்மா தீவில் இருக்கும் ஸ்வீடன் நாட்டின் ஒரு மீட்டர் சூரியத் தொலைநோக்கியின் கிறிஸ்ப் கருவிக்காக எழுதப்பட்டது, 2012-ல் ஆய்விதழில் வெளியானது. ஐரிஸ் விண்கலம் 2013-ல் பறந்த பிறகு அதன் தரவையும் படிக்கும்படி விரிவாக்கினார்கள். ஐடிஎல் என்ற நிரல் மொழியில் ஓடுகிறது, சூரிய ஆய்வாளர்களின் சோலார்சாஃப்ட் மென்பொருள் தொகுப்பின் வழியாகக் கிடைக்கிறது.

பெரிய பட ஜன்னல் ஒன்று, பக்கத்தில் நிறமாலை ஜன்னல், தனியாகக் கட்டுப்பாட்டுப் பலகை. நான்கு ஸ்டோக்ஸும் உள்ள தரவைக் கொடுத்தால் நிறமாலை ஜன்னல் நான்கு கட்டமாகப் பிரியும். படத்தின் மேல் சுட்டியை நகர்த்த நகர்த்த நான்கும் கூடவே துள்ளும். இது சின்ன வசதியாகத் தோன்றும். புறநிழலின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சுட்டியை மெல்ல இழுத்துப் பாருங்கள், ஐ கட்டத்தில் வரியின் அடிப்பகுதி ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் நேராகி, மறு பக்கம் சாயும். வினாடிக்கு இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் என்றால் இரண்டு பிக்சல் நகர்வு, கண்ணாலேயே எண்ணிவிடலாம். 1909-ல் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் புகைப்படத் தகட்டில் கண்டுபிடித்தது இந்த நகர்வைத்தான். ஒரு நிபந்தனை: புள்ளி சூரிய வட்டின் நடுவில் இருந்தால் தெரியாது. ஓட்டம் பரப்போடு கிடைமட்டமானது, நம் பார்வைக் கோட்டில் அதற்குக் கூறு இருக்காது. ஓரத்தை நோக்கி நகர்ந்திருக்கும் புள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து கருநிழலுக்குள் வாருங்கள். 6302.5 வரி தூய சீமன் மும்மை வரி, அதாவது காந்தப்புலத்தில் மூன்றாகப் பிரிவது. எவ்வளவு பிரியும் என்பதைச் சொல்லும் லாண்டே எண் அதற்கு 2.5. ஆயிரம் காஸ் (காந்தப்புலத்தின் அலகு) புலத்துக்கு அதன் கூறு ஒவ்வொரு பக்கமும் 46 மில்லி ஆங்ஸ்ட்ராம் விலகும். வி கட்டத்தில் மேல்நோக்கிய மடலின் உச்சிக்கும் கீழ்நோக்கிய மடலின் உச்சிக்கும் இடையில் 13 பிக்சல் இருந்தால், மொத்தம் 280 மில்லி ஆங்ஸ்ட்ராம், ஒரு பக்கத்துக்கு 140. அப்படியென்றால் புலம் ஏறத்தாழ 3000 காஸ். எந்தக் கணிப்பு நிரலும் ஓடாமலே கிடைத்த விடை. இதே பிக்சலில் 6301.5 வரியின் மடல்கள் நெருங்கியே நிற்கும், அதன் லாண்டே எண் 1.67 தான். இரண்டு வரிகளும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். இந்தப் பிக்சல் எண்ணும் வித்தை வலுவான புலத்துக்கு மட்டுமே. புலம் குறையக் குறைய மடல்கள் நெருங்கிக்கொண்டே போகாது, வரியின் இயல்பான அகலத்தில் வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு புலத்தைச் சொல்வது மடலின் உயரம்தான், இடைவெளி இல்லை.

நீலப் பக்க மடல் மேலே, சிவப்புப் பக்க மடல் கீழே என்று இருந்தால் புலம் நம்மை நோக்கி வருகிறது. தலைகீழாகத் தெரிந்தால் ஒன்று புலம் விலகிப் போகிறது, இல்லையென்றால் கோப்பை மாற்றும்போது குறியையோ அலைநீள வரிசையையோ தலைகீழாக்கிவிட்டோம். எது என்று தீர்க்க அதே நாளின் வேறு காந்தப்பட வரைபடம் வேண்டும். 2010-க்குப் பிந்தைய தரவு என்றால் எஸ்டிஓ விண்கலத்தின் எச்எம்ஐ காந்தப்படக் கருவி இருக்கிறது. எக்ஸ் 3.4 சீற்றத்தால் பேர்பெற்ற 10930 புள்ளிக் கூட்டம் 2006 டிசம்பரைச் சேர்ந்தது, அப்போது எஸ்டிஓ இல்லை, அதற்கு முந்தைய சோஹோ விண்கலத்தின் எம்டிஐ கருவிப் படத்தோடுதான் ஒப்பிட முடியும்.

கிறிஸ்பெக்ஸின் குறைகளுக்கு வருவோம். ஐடிஎல் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டிய மொழி. பல்கலைக்கழக வலைக்குள் இருக்கும்வரை இது தெரியாது, படிப்பு முடிந்து வெளியே வந்த அன்று தெரியும். இலவச மாற்றான ஜிடிஎல்லில் ஜன்னல், பொத்தான் பகுதிகளுக்கான ஆதரவு முழுமையாக இல்லை. கிறிஸ்பெக்ஸ் முழுக்க முழுக்கப் பொத்தான்களால் ஆனது. ஆகவே அந்த வழியை நம்பி இறங்க வேண்டாம்.

சோலார்சாஃப்ட் நிறுவும்போது கருவிப் பட்டியலில் ஐரிஸைச் சேர்க்க மறந்தால் கிறிஸ்பெக்ஸ் வராது. ஹினோடேயின் எஸ்.பி. தரவைச் செப்பனிடும் எஸ்பி_ப்ரெப் வேண்டுமென்றால் சாட் என்ற பெயரையும் சேர்க்க வேண்டும். இந்த எஸ்பி_ப்ரெப் தரவின்மேல் இரண்டு முறை ஓடும். முதல் ஓட்டத்தில் வெப்பத்தால் நிறமாலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்துகொள்ளும், இரண்டாவதில் திருத்தும். முதல் நிலைத் தரவை நேரடியாக இறக்கிக்கொண்டால் அது செய்தாகிவிட்டது, மறுபடி செய்யத் தேவையில்லை.

மேக் கணினியில் எக்ஸ்குவார்ட்ஸ் என்ற துணை மென்பொருள் இல்லாமல் ஜன்னல் திறக்காது. தொலைவிலுள்ள சர்வரில் ஓட்டிவிட்டு எக்ஸ் வழியாகத் திரையை இழுத்தால் சுட்டிக்கும் கோட்டுக்கும் நடுவே பெருமூச்சு விடும் அளவு தாமதம். விஎன்சி என்ற தொலைத்திரை மென்பொருள் போட்டுக்கொண்டால் தாங்கும்.

அதன் பழைய கோப்பு வடிவத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும், இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் 512 பைட் எழுத்து வடிவத் தலைப்பு, அதன் பிறகு வெறும் எண்கள். படக் கோப்பில் முழுப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும்: படத்துக்குப் படம் முதலில் அலைநீளம் மாறும், அதற்கு வெளியே ஸ்டோக்ஸ், அதற்கும் வெளியே நேரம். நிறமாலைக் கோப்பு இதையே புரட்டிப்போட்ட நகல். ஒரு பிக்சலின் கோட்டை எடுக்க வட்டு முழுக்க அலையாமல் ஒரே இடத்தில் படிப்பதற்காக இந்த ஏற்பாடு. வேகத்தின் ரகசியம் இதுதான், விலை இரண்டு மடங்கு வட்டு இடம். ஒரே ஒரு வருடல் மட்டும் கையில் இருந்தால் புரட்டிய நகல் இல்லாமலே, சிங்கிள்_க்யூப் என்ற சொல்லுக்கு அலைநீளப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொடுத்துத் திறக்கலாம். ஹினோடேக்கு அது 112.

பைதானிலிருந்து இந்தக் கோப்பை எழுத ஹெலிட்டா நூலகத்தில் வழி இருக்கிறது. கையால் எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பைட் வரிசை. ஃபிட்ஸ் கோப்பில் எண்ணின் பெரிய இலக்கங்களைத் தாங்கும் பைட் முதலில் வரும், நம் கணினிகளில் சிறியது முதலில். ஃபிட்ஸிலிருந்து எடுத்த அணியை அப்படியே கொட்டிவிட்டுத் தலைப்பில் சிறியது முதல் என்று எழுதினால், திறக்கும்போது தொலைக்காட்சியில் சேனல் போன மாதிரி வெறும் புள்ளி மழை. பைதானின் நம்பை நூலகத்தில் வெறும் ஃப்ளோட்32 என்று ஒருமுறை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. ஸ்டோக்ஸ் நான்கு இருக்கிறது என்று தலைப்பில் எழுத மறந்தால் நான்கையும் சேர்த்து 448 புள்ளிகள் கொண்ட ஒரே நீளமான நிறமாலை என்று எடுத்துக்கொள்ளும். கோட்டில் ஐ முடிந்த இடத்தில் செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்தால் காரணம் அதுதான்.

வண்ண அளவுகோல் பற்றி ஒரு எச்சரிக்கை. தானாக அளவு எடுக்க விட்டால், தொடர்ச்சிப் பகுதியில் வெறும் இரைச்சலாக இருக்கும் வி படம்கூட கறுப்பு வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அளவுகோல் பகுதிக்குப் போய்ப் பூஜ்யம் நடுவில் வரும்படி இரு பக்கமும் சம எல்லையைக் கையால் கொடுக்க வேண்டும். அதன் பிறகு க்யூ படத்தைப் பார்த்தால் வட்டமான புள்ளியைச் சுற்றி நான்கு இதழ்ப் பூப்போல கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும், யூ படத்தில் அதே பூ 45 பாகை திரும்பியிருக்கும். அப்படி வந்தால் க்யூவும் யூவும் ஒழுங்காக இருக்கின்றன. நான்கு இதழுக்குப் பதில் பாதி கறுப்பு பாதி வெள்ளை என்று இரண்டாகத் தெரிந்தால் வி கசிந்து உள்ளே வந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். வி-யில் குறி மாறும் இரண்டு அலைநீளங்களுக்கு இடையே கிறிஸ்பெக்ஸின் மாற்றி மாற்றிக் காட்டும் வசதியை ஓடவிட்டால் இந்தக் கசிவு சட்டென்று பிடிபடும்.

சொல்லப்போனால் ஒரே ஒரு ஹினோடே வருடலுக்கு இது தேவைக்கு மிஞ்சிய கருவி. அதன் பலம் அரை மணி, ஒரு மணி என நீளும் நேரத் தொடர்களில். வளைந்த பாதையை வரைந்து அதன்மேல் என்ன ஓடுகிறது என்று நேரத்துக்கு எதிரே பார்ப்பது, அதைத் துணை நிரலான டானட்டில் அளப்பது, இதற்கெல்லாம் ஈடு இன்னொன்றில் இல்லை.

இலவச வழி: பைதான் நோட்புக்

ஆஸ்ட்ரோபை கோப்பைப் படிக்கும், நம்பை அடுக்கும், மேட்பிளாட்லிப் வரையும். சொடுக்கிப் பார்க்கும் கருவியை மட்டும் நாமே எழுத வேண்டும். நாற்பது வரிக்கு மேல் போகாது. இடப்பக்கம் தொடர்ச்சிப் பகுதியின் படம், வலப்பக்கம் மேலும் கீழுமாக நான்கு கட்டம், சொடுக்கும் நிகழ்வை ஒரு சார்போடு இணைத்தால் முடிந்தது. முடியாமல் போவது நான்கு இடங்களில்.

நோட்புக்கின் வழக்கமான இன்லைன் முறையில் படம் வெறும் ஓவியம், சொடுக்கினால் ஒன்றும் ஆகாது. ஐபிஎம்பிஎல் என்ற துணை நூலகத்தை நிறுவி விட்ஜெட் முறைக்கு மாற வேண்டும். படத்துக்கு வெளியே சொடுக்கினால் ஆயத்தொலைவு வெறுமையாக வரும், அதைச் சோதிக்காவிட்டால் பிழைச் செய்தி கொட்டும். பிக்சலின் மையம் முழு எண்ணில் இருப்பதால் தசமத்தை வெட்டினால் பாதி நேரம் பக்கத்துப் பிக்சலைக் காட்டும், வெட்டாமல் முழுமைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு சொடுக்குக்கும் கட்டத்தை அழித்துப் புதிதாக வரைந்தால் இழுபறியாக இருக்கும். கோட்டின் மதிப்பை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி வரையச் சொன்னால் கிறிஸ்பெக்ஸுக்குக் கொஞ்சம்தான் பின்னால்.

பிக்சல் சதுரம் இல்லை என்பதையும் இங்கே நாம்தான் சொல்ல வேண்டும். இயல்பு வருடலில் பிளவின் நீளத்தில் 0.16 வில்வினாடி, நகரும் திசையில் சுமார் 0.149. சமமாக வரைந்தால் புள்ளி ஏழெட்டு விழுக்காடு பக்கவாட்டில் ஊதியிருக்கும். தலைப்பிலிருக்கும் இரண்டு அளவுகளின் விகிதத்தை மேட்பிளாட்லிப்புக்குக் கொடுத்தால் சரியாகும்.

எதனால் வகுப்பது என்பதையும் முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். அமைதியான பரப்பின் சராசரித் தொடர்ச்சியால் வகுத்தால் கருநிழலின் வி சின்னதாகத் தெரியும், அதே பிக்சலின் ஐ-யால் வகுத்தால் பல மடங்கு பெரிதாகத் தெரியும், இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். இரண்டும் சரிதான். ஒரு படத்தில் ஒன்று, அடுத்ததில் மற்றொன்று என்று கலக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தரைத் தொலைநோக்கித் தரவுக்குப் பைதானின் சுதந்திரம் கைகொடுக்கிறது. தொடர்ச்சிப் பகுதியில் க்யூ, யூ, வி மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஐ கசிகிறது. தொடர்ச்சியில் வி-க்கும் ஐ-க்கும் உள்ள விகிதத்தை எடுத்து, அந்தப் பங்கு ஐ-யை முழு வரியிலிருந்தும் கழிக்க வேண்டும். வெறும் மாறிலி ஒன்றைக் கழித்தால் தொடர்ச்சி பூஜ்யமாகிவிடும், வரிக்குள்ளே கசிவு அப்படியே நிற்கும். அலையலையாக வரும் குறுக்கீட்டுப் பட்டைகள் தெரிய வேண்டுமானால் அளவுகோலை 0.2 விழுக்காடு வரை இறுக்க வேண்டும். தரையில் எடுத்த 6302 தரவில் 6302.0, 6302.76 ஆங்ஸ்ட்ராமில் நம் காற்றின் ஆக்சிஜன் வரிகள் இரண்டு இருக்கும். எரிச்சலாகத் தோன்றினாலும் அவை நகராத மைல்கற்கள், அலைநீளத்தை அளவுதிருத்த அவற்றைவிட நல்லது கிடைக்காது. விண்வெளியிலிருந்து பார்க்கும் ஹினோடேயில் அவை இல்லை, அமைதியான பரப்பின் சராசரி வரியை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஃபிட்ஸ் கோப்பைக் காட்டும் டிஎஸ்9, க்யூஃபிட்ஸ்வியூ இரண்டும் இலவசம், நிறுவுவதும் எளிது. முப்பரிமாணப் பெட்டியில் சுட்டிய இடத்தின் நிறமாலையைக் காட்டும். ஆனால் இவை விண்மீன் மண்டலக்காரர்களுக்காகச் செய்தவை. ஸ்டோக்ஸ் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக, அலைநீளம் மூன்றாம் அச்சாக வரும்படி மாற்றிக் கொடுக்க வேண்டும், நான்கு கோட்டையும் ஒருசேரப் பார்க்க வாய்ப்பில்லை. கோப்பு கெட்டுப்போகாமல் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கப் போதும்.

கணிப்பு நிரல்கள்

கோடுகளிலிருந்து காந்தப்புலத்தைப் பின்னோக்கிக் கணிப்பதை இத்துறையில் இன்வர்ஷன் என்றே சொல்கிறார்கள். ஹினோடே தரவுக்கு மெர்லின் நிரல் ஏற்கனவே ஓட்டி முடித்த இரண்டாம் நிலை வரைபடங்கள் இறக்கக் கிடைக்கின்றன. தானே ஓட்டிப் பார்க்க விரும்புபவர்களுக்குப் பைமில்ன் நல்ல தேர்வு. உள்ளே சி++, வெளியே பைதான். ஐஜன், எஃப்எஃப்டிடபிள்யூ என்ற இரு நூலகங்களோடு தொகுக்க வேண்டும். லினக்ஸில் பிரச்சினை இல்லை, விண்டோஸில் லினக்ஸ் துணை அமைப்புக்குள் போய்ச் செய்வதே சுருக்கு வழி. முதல் ஓட்டத்திலேயே பெரிய பைட் வரிசையை ஏற்க முடியாது என்ற பிழைச் செய்தி வந்தால் பதற வேண்டாம், மேலே சொன்ன அதே ஃபிட்ஸ் பைட் வரிசைதான்.

ஒன்பது அளவுகள் வரும்: புலத்தின் வலிமை, சாய்வு, திசைக்கோணம், வேகம், டாப்ளர் அகலம், வரியின் வலிமை, தணிப்பு, ஒளிமூலச் சார்பின் இரண்டு எண்கள். கோணங்கள் ரேடியனில் வருகின்றன, வரையும்போது பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே தொடக்க மதிப்பில் ஓட்டினால் கருநிழலில் உப்பும் மிளகும் தூவியது போல் தனித்தனிப் பிக்சல்கள் தவறான விடையில் சிக்கி நிற்கும். பல தற்செயல் தொடக்கங்களிலிருந்து ஓட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் வசதி உள்ளேயே இருக்கிறது, நேரம் அதற்கேற்பக் கூடும்.

நான்கு கோட்டையும் நேரில் பார்க்காதவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில். இயல்பு வருடலில் இரைச்சல் தொடர்ச்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. அமைதியான பரப்பில் க்யூவும் யூவும் பெரும்பாலும் அதற்குக் கீழேயே கிடக்கும். வி புலத்தோடு நேர்விகிதத்தில் வளரும், க்யூவும் யூவும் புலத்தின் வர்க்கத்தோடு வளரும். அதனால் அதே இரைச்சல் பார்வைக் கோட்டுப் புலத்தில் சில காஸ் பிழையையும், குறுக்குப் புலத்தில் பல பத்து காஸ் பிழையையும் தரும். நிரல் இரைச்சலையும் உண்மை என்று எண்ணிப் பொருத்திவிடும். விளைவாக அமைதியான பரப்பு முழுக்கக் கிடைமட்டமான காந்தப்புலம் படர்ந்திருப்பதாக வரைபடம் சொல்லும், சாய்வு 90 பாகையைச் சுற்றிக் குவியும். சொடுக்கிப் பார்த்தால் க்யூ, யூ கட்டங்களில் வெறும் முள்வேலி. இரைச்சலைப்போல் மூன்று நான்கு மடங்குக்கு மேல் சைகை உள்ள பிக்சல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடுவதே நேர்மை.

இன்னொரு இடம், இரண்டு துருவங்கள் சந்திக்கும் கோடு. அங்கே வி இரண்டு மடலுக்குப் பதில் மூன்று மடலாக வரும், ஒரே பிக்சலுக்குள் இரண்டு துருவமும் கலந்திருப்பதால். பிக்சலுக்கு ஒரே புலம் என்று கொள்ளும் மில்ன்–எடிங்டன் வகை ஒற்றைக் கூறு நிரலால் மூன்று மடலைப் பொருத்தவே முடியாது. ஆனாலும் அது ஒரு எண்ணைத் தந்துவிட்டுப் போகும், வரைபடத்தில் அந்த எண் பக்கத்துப் பிக்சல்களோடு சமர்த்தாகக் கலந்து நிற்கும். பொருத்திய கோட்டை அளந்த கோட்டின்மேல் போட்டுப் பார்க்கும் ஒரு கட்டத்தை நம் நாற்பது வரி நிரலில் சேர்த்துவிட்டால் இது உடனே தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, கணிப்பைப் பொறுத்தவரை, பைதான் நோட்புக் கிறிஸ்பெக்ஸை முந்துகிறது.

மெர்லின் வரைபடத்தைப் பயன்படுத்துபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். திசைக்கோணம் 180 பாகை ஐயத்தோடு வருகிறது, அம்பு எந்தப் பக்கம் என்பதை இன்னொரு நிரல்தான் தீர்க்க வேண்டும். புல வலிமை பிக்சலின் காந்தப் பகுதிக்கு மட்டும் உரியது, காந்தப் பாயம் கணக்கிட நிரப்புப் பங்கால், அதாவது பிக்சலில் காந்தப் பகுதி எவ்வளவோ அந்தப் பங்கால், பெருக்க வேண்டும். அந்தப் பங்கு காந்தப் பகுதியினுடையதா, சிதறல் ஒளியினுடையதா என்று குழப்பம் வந்தால் கருநிழலில் மதிப்பைப் பாருங்கள். காந்தப் பங்கு என்றால் அங்கே ஒன்றை நெருங்கியிருக்கும்.

டிகிஸ்ட் தரவுக்கு

ஹவாயின் ஹலேயாகலா மலைமேல் இருக்கும் நான்கு மீட்டர் டிகிஸ்ட் தொலைநோக்கியின் தரவைத் திறக்க அதே பெயரில் ஒரு பைதான் தொகுப்பு உண்டு. ஏஎஸ்டிஎஃப் என்ற ஒரு சிறு கோப்பு எல்லாவற்றையும் விவரிக்கும், எண்கள் தனித்தனி ஃபிட்ஸ் கோப்புகளில் இருக்கும், டாஸ்க் என்ற பைதான் நூலகத்தின் வழியாகக் கேட்கும்போது மட்டும் படிக்கப்படும். அதன் விஸ்ப் நிறமாலைக் கருவியின் ஒரு வருடல் 4, 425, 980, 2554 (ஸ்டோக்ஸ், பிளவு நிலை, அலைநீளம், பிளவின் நீளம்) என்ற வடிவில் இருந்தால் 1700 கோப்பு, விரித்தால் 32 பிட்டில் 17 ஜிகாபைட். சாதாரண மடிக்கணினியில் இதைத் திறக்க முடிவதே பெரிய விஷயம். என்.டி.க்யூப் அமைப்பின்மேல் கட்டியிருப்பதால் பிக்சல் எண்ணோடு அலைநீளமும் சூரிய ஆயத்தொலைவும் கூடவே வருகின்றன.

எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வேகம் தலைகீழாக மாறும். ஒவ்வொரு கோப்பும் ஒரு ஸ்டோக்ஸ், ஒரு பிளவு நிலை. ஒரு பிக்சலின் நான்கு கோடும் வேண்டுமென்றால் நான்கு கோப்பைத் திறந்தால் போதும். ஒரே அலைநீளத்தில் சூரியப் படம் வேண்டுமென்றால் 425 கோப்பையும் திறக்க வேண்டும். ஆகவே முதலில் தொடர்ச்சிப் பகுதியின் படம் ஒன்றைக் கணக்கிட்டுத் தனியே சேமித்துக்கொண்டு, அதன்மேல் சொடுக்கும் நிரலை வைத்தால் சமாளிக்கலாம். அலைநீள நழுவியை இழுத்தபடி படம் மாறுவதைப் பார்க்கலாம் என்று எண்ணி உட்கார்ந்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் 425 கோப்பு விரியும்வரை காத்திருக்க வேண்டும். தேவைப்படும் அலைநீளத் துண்டை மட்டும் வெட்டி, நான்கு ஸ்டோக்ஸையும் சேர்த்து உள்ளூர் வட்டில் ஒரே அணியாக எழுதிக்கொண்டால் அந்தக் காத்திருப்பு ஒரு தடவையோடு போகும். 980 புள்ளியில் வரியைச் சுற்றி 150 எடுத்தால் மேற்சொன்ன வருடல் 2.6 ஜிகாபைட்டில் அடங்கிவிடுகிறது.